காட்பாடிச் சந்திப்பு: பாலாற்று வடகரையில் ஓர் இருப்புப்பாதை நிலையத்தின் வரலாறும் சேவைகளும்

ஆய்வுச்சுருக்கம்

வேலூர் மாநகரின் முதன்மைத் தொடர்வண்டி நிலையமாக விளங்குவது பாலாற்றின் வடகரையிலுள்ள காட்பாடிச் சந்திப்பு ஆகும். தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை மேற்கு நோக்கி நீட்டிக்கப்பட்ட காலத்தில் தோன்றிய இந்நிலையம், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டர்பாதை வந்து சேர்ந்தபோது சந்திப்பாக வளர்ந்தது. நகருக்கும் நிலையத்திற்கும் இடையிலான ஆறு, இருவேறு பாதை அகலங்கள், இருவேறு நிருவாகங்கள் ஆகிய மூன்று இடைவெளிகள் இந்நிலையத்தின் சேவைகளை எவ்வாறு வடிவமைத்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தோல் வணிகம், மருத்துவப் பயணம், நாள்தோறும் பணிக்குச் சென்று திரும்புவோரின் பயணம் ஆகிய மூன்று பயன்பாடுகள் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இடைவெளி ஒவ்வொன்றின் சுமையும் பெரிதும் பயணியின்மீதே விழுந்துள்ளது என்பதும், நிலையத்தின் இன்றைய மறுசீரமைப்பை மதிப்பிட அதுவே உரிய அளவுகோல் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: காட்பாடி, வேலூர், சென்னை ரயில்வே கம்பெனி, தென்னிந்திய ரயில்வே, மீட்டர்பாதை, தோல் தொழில், மருத்துவப் பயணம், புறநகர்ச் சேவை.

1. முன்னுரை

தமிழகத்தில் இருப்புப்பாதை வரலாறு பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தலைநகர நிலையங்களையே மையமாகக் கொண்டுள்ளன. இராயபுரம், சென்ட்ரல், எழும்பூர் ஆகியவற்றின் கட்டடக்கலையும் தொடக்க விழாக்களும் விரிவாகப் பேசப்பட்ட அளவிற்கு, பாதையின் இடையிலுள்ள சந்திப்புகள் பேசப்படவில்லை. ஆயினும் பயணிகள் வண்டி மாறியதும், சரக்குகள் ஓர் அகலத்திலிருந்து மற்றோர் அகலத்திற்கு மாற்றப்பட்டதும், ஒரு நிறுவனத்தின் ஆட்சி முடிந்து மற்றொன்றின் ஆட்சி தொடங்கியதும் இச்சந்திப்புகளில்தான். இருப்புப்பாதை மக்கள் வாழ்வில் எவ்வாறு கலந்தது என்பதை அறிய இவற்றின் வரலாறு இன்றியமையாதது.

காட்பாடி அவ்வகையில் தனித்தன்மை வாய்ந்தது. சென்னை சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில், சென்னை – பெங்களூரு முதன்மைப் பாதையில் இந்நிலையம் அமைந்துள்ளது. வடக்கே சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கும், தெற்கே வேலூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரத்திற்கும் இங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. தமிழகம், ஆந்திரம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலப் போக்குவரத்துகளும் கூடும் இடம் இது. இருப்பினும் இதன் வழியாகச் செல்வோருள் பெரும்பகுதியினரின் சேருமிடம் காட்பாடி அன்று. ஆற்றின் மறுகரையிலுள்ள வேலூரே. தன் பெயரிலில்லாத ஒரு நகருக்காக இயங்கும் நிலையம் என்ற இந்த இயல்பு, அதன் வரலாறு முழுவதிலும் தொடர்ந்துள்ளது.

2. பாலாற்றுச் சமவெளியில் முதல் பாதை

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு இருப்புப்பாதை அமைக்கும் எண்ணம் 1840-களிலேயே தோன்றியது. இலண்டனில் அமைக்கப்பட்ட சென்னை ரயில்வே கம்பெனி, முதலீட்டிற்கு அரசே வட்டி உறுதியளிக்கும் முறையின்கீழ்ப் பணியைத் தொடங்கியது. படைகளை விரைந்து நகர்த்துதல், பருத்தி முதலிய மூலப்பொருள்களைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லுதல், இங்கிலாந்துப் பொருள்களை உள்நாட்டிற்குப் பரப்புதல் ஆகிய நோக்கங்களை டல்ஹவுசியின் 1853-ஆம் ஆண்டுக் குறிப்பு வெளிப்படையாகவே முன்வைத்திருந்தது.

இத்திட்டத்தின் முதற்கட்டமாக இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரையிலான பாதை 1856 ஜூலை 1 அன்று பொதுப் போக்குவரத்திற்குத் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவில் பயணிகள் தொடர்வண்டி ஓடிய முதல் பாதை இதுவே. அடுத்த சில ஆண்டுகளில் பாதை காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக முன்னேறி, 1860-இல் திருப்பத்தூர்ப் பகுதியையும் 1861-இல் சேலத்தையும் எட்டியது. 1862-இல் கிழக்குக் கடற்கரையும் மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூரும் இணைக்கப்பட்டன. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுப் பகுதிக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. இவ்வாறு பத்தாண்டுகளுக்குள் காட்பாடி, இரு கடற்கரைகளையும் மைசூர்ப் பீடபூமியையும் இணைக்கும் நெடும்பாதையில் ஓர் இடைநிலையமாயிற்று.

இப்பாதை வடஆர்க்காட்டின் வழியே சென்றதற்குப் புவியியல் காரணம் உண்டு. கிழக்குச் சமவெளியிலிருந்து பீடபூமியின் விளிம்பிற்கு ஏறும் இயற்கையான வழியாகப் பாலாற்றுப் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. படைகளும் வணிகச் சாத்துகளும் நெடுங்காலமாகப் பயன்படுத்திய வழி இது. ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு ஆகிய கோட்டை நகரங்கள் இவ்வழியில் அமைந்தமை தற்செயலன்று. இருப்புப்பாதைப் பொறியாளர்கள் புதிய வழியொன்றைக் கண்டறியவில்லை. பழைய வழியின்மீது இரும்பைப் பதித்தனர்.

3. நிலையமும் நகரமும்: ஆற்றின் இடைவெளி

வேலூர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சிறப்புமிக்க நகரமாக இருந்தது. விசயநகரக் காலக் கோட்டையும், 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த நிகழ்வும், தொடர்ந்து நிலவிய படை முகாமும் அதன் படைத்துறை முதன்மையைக் காட்டும். அத்தகைய நகரை முதன்மைப் பாதை நேரடியாகத் தொடவில்லை. வாலாஜா சாலையிலிருந்து மேற்கே வந்த பாதை, திருவலத்தருகே பாலாற்றின் துணையாறான பொன்னையைக் கடந்து, பாலாற்றின் வடகரையிலேயே காட்பாடியை அடைந்தது. வேலூரோ தென்கரையில் இருந்தது.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகக் காட்சியளித்தாலும், வெள்ளம் வரும்போது அதன் அகலமும் வேகமும் மிகுதி. அத்தகைய ஆற்றின் குறுக்கே பாலம் கட்டுவது செலவு மிக்க பணி. நகருக்குள் நுழைவதற்காக ஆற்றைக் கடந்தால், மேற்கே செல்லும் பாதையின் திசைக்கேற்ப மீண்டும் கடக்க வேண்டிய நிலையும் நேரக்கூடும். நெடுந்தொலைவுப் பாதையின் சிக்கனம் நகரவாசிகளின் வசதியைவிட மேலோங்கியதன் விளைவே காட்பாடி நிலையத்தின் அமைவிடம் எனலாம். வாலாஜாபேட்டைக்கு வாலாஜா சாலை நிலையமும், குடியாத்தத்திற்கு ஊரிலிருந்து விலகிய நிலையமும் அமைந்ததை நோக்கினால், இப்பாதையில் இது பொதுப் போக்கு என்பது புலனாகும்.

இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, வேலூருக்கான பயணத்தின் இறுதிப் பகுதி எப்போதும் சாலை வழியாகவே நிறைவுற்றது. மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் பின்னர் பேருந்தும் ஆட்டோவும் நிலையத்திற்கும் நகருக்கும் இடையே ஓடின. ஆற்றுப்பாலத்தில் நெரிசலோ தடையோ ஏற்படும்போது அதன் தாக்கம் நிலையத்திலும் உணரப்பட்டது. காட்பாடியில் இருப்புப்பாதைக்கு மேலே செல்லும் சாலை மேம்பாலம் 2022-இல் பழுதுபார்ப்பிற்காக மூடப்பட்டபோது, வேலூர் – சித்தூர்ப் போக்குவரத்து முழுவதும் மாற்றுவழிகளில் திருப்பப்பட்டமை அண்மைச் சான்று. இரண்டாவது விளைவு, காட்பாடி என்னும் சிற்றூர் நிலையத்தைச் சுற்றித் தனி நகரமாக வளர்ந்தது. வேலூர் 2008-இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்ட பின்னர்க் காட்பாடியும் அதனுள் இணைக்கப்பட்டது. நகரம் ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக நிலையத்தை நோக்கி வளர்ந்து, இறுதியில் அதைத் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது எனக் கூறுவது பொருந்தும்.

4. மீட்டர்பாதையும் இரு நிறுவனங்களின் எல்லையும்

காட்பாடி சந்திப்பாக மாறியது 1890-களின் தொடக்கத்தில். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கும், அங்கிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் தர்மாவரம் நோக்கியும், பாகாலாவிலிருந்து திருப்பதி, கூடூர் நோக்கியும் மீட்டர்பாதைகள் அக்காலத்தில் அமைந்தன. இப்பாதைகளின் தோற்றத்தை 1876–78 பெரும்பஞ்சத்தின் பின்னணியில் காணவேண்டும். சென்னை மாகாணத்தின் வறண்ட உள்மாவட்டங்களில் பேரளவில் உயிரிழப்பை ஏற்படுத்திய அப்பஞ்சத்திற்குப் பின், 1880-ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையம் உணவுதானியத்தை விரைந்து கொண்டுசெல்ல இருப்புப்பாதைகளைப் பெருக்குமாறு பரிந்துரைத்தது. அகலப்பாதையைவிடச் செலவு குறைந்த மீட்டர்பாதை இதற்கு ஏற்றதாகக் கருதப்பட்டது.

மீட்டர்பாதையின் வருகையால் வேலூர் முதன்முறையாகத் தன் நகர எல்லையிலேயே நிலையங்களைப் பெற்றது. பாலாற்றின்மீது பாலம் அமைக்கப்பட்டு, வேலூர் டவுன், வேலூர் கண்டோன்மென்ட் ஆகிய நிலையங்கள் தோன்றின. ஆனால் அவை அமைந்தது மீட்டர்பாதையில். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ அகலப்பாதை வண்டியில் வருபவர் காட்பாடியில் இறங்கி, வேறு நடைமேடைக்குச் சென்று, வேறு வண்டியில் ஏறினால்தான் அந்நிலையங்களை அடைய இயலும். ஏறத்தாழ 10 கி.மீ. பயணத்திற்காகக் காத்திருப்பதைவிடச் சாலை வழியே செல்வதே எளிதாக இருந்தது. ஆற்றின்மீது பாலம் வந்த பின்னரும் ஆற்றின் இடைவெளி முழுமையாக நீங்காமைக்குப் பாதை அகலமே காரணமாயிற்று.

அகலப்பாதையின் அளவு 1,676 மி.மீ.; மீட்டர்பாதையின் அளவு 1,000 மி.மீ. ஒன்றில் ஓடும் பெட்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே ஒரு பாதையிலிருந்து மற்றதற்குச் செல்லும் சரக்கு அனைத்தும் சந்திப்பில் இறக்கி ஏற்றப்பட வேண்டியிருந்தது. நெல், அரிசி, நிலக்கடலை, வெல்லம், தோல், உப்பு எனப் பொருள் எதுவாயினும் அது மனிதத் தோள்வழியாகவே இடம் மாறியது. இப்பணி நிலையத்தைச் சார்ந்து வாழும் தொழிலாளர் குழுவை உருவாக்கியது. அதே வேளையில் காலதாமதம், சேதம், கூடுதல் செலவு ஆகியவற்றையும் தோற்றுவித்தது.

பாதை வேறுபாட்டுடன் நிருவாக வேறுபாடும் இணைந்தது. சென்னை ரயில்வே கம்பெனியின் ஒப்பந்தம் 1907 இறுதியுடன் முடிவுற்றது. 1908 முதல் சென்னை – ஜோலார்பேட்டை – பெங்களூர்ப் பகுதி சென்னை – தென்மராட்டா ரயில்வேயிடமும், ஜோலார்பேட்டைக்கு அப்பால் மேற்குக் கடற்கரை செல்லும் பகுதி தென்னிந்திய ரயில்வேயிடமும் ஒப்படைக்கப்பட்டன. விழுப்புரத்திலிருந்து வந்த மீட்டர்பாதை தென்னிந்திய ரயில்வேக்கு உரியது. இதனால் காட்பாடி இரண்டு அகலங்களின் சந்திப்பாக மட்டுமின்றி, இரண்டு நிறுவனங்களின் சந்திப்பாகவும் விளங்கியது. தனித்தனி ஊழியர், தனித்தனிக் கணக்கு, தனித்தனிக் கால அட்டவணை என இருந்த சூழலில், ஒன்றின் வண்டிக்காக மற்றொன்றின் வண்டி காத்திருக்க வேண்டிய கட்டாயம் குறைவே.

1944-இல் இரு நிறுவனங்களையும் அரசு ஏற்றது. 1951 ஏப்ரல் 14 அன்று சென்னை – தென்மராட்டா, தென்னிந்திய, மைசூர் ரயில்வேக்களை இணைத்துத் தென்னக ரயில்வே உருவாக்கப்பட்டது. நிறுவன எல்லை மறைந்ததாகத் தோன்றினும், அது வேறு வடிவில் மீண்டும் தோன்றியது. 1977-இல் குண்டக்கல் கோட்டம் தென் மத்திய ரயில்வேக்கு மாற்றப்பட்டதால், காட்பாடிக்கு வடக்கே சித்தூர் செல்லும் பாதை வேறொரு மண்டலத்தின் பொறுப்பாயிற்று. தெற்கே வேலூர் கண்டோன்மென்ட் செல்லும் பாதை திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தைச் சேர்ந்தது. காட்பாடியோ சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது. ஒரே மாநகர எல்லைக்குள் உள்ள காட்பாடியும் வேலூர் கண்டோன்மென்டும் இருவேறு கோட்டங்களின் ஆளுகையில் இருப்பது, பழைய நிறுவன எல்லையின் எச்சம் எனக் கொள்ளத்தக்கது. நகர அளவில் ஒருங்கிணைந்த சேவையைத் திட்டமிடுவதில் இப்பிரிவு இன்றும் கருத்திற்குரியதாகும்.

5. தோல் வணிகமும் சரக்குப் போக்குவரத்தும்

காட்பாடிக்கு மேற்கே பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. கிழக்கே மேல்விசாரம், இராணிப்பேட்டை என விரியும் தோல் மண்டலத்தின் வளர்ச்சியை இருப்புப்பாதையிலிருந்து பிரித்துக் காண இயலாது. ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலிய தாவரப் பொருள்களைக் கொண்டு தோல் பதனிடும் முறை இப்பகுதியில் வேரூன்றியிருந்தது. இவ்வகைத் தோல் உலகச் சந்தையில் கிழக்கிந்தியத் தோல் என்ற வணிகப் பெயரால் அறியப்பட்டது. பதனிடுவதற்குத் தண்ணீரும், பட்டையும், கச்சாத் தோலும், விற்பதற்குத் துறைமுகமும் தேவை. முன்னிரண்டைப் பாலாற்றுப் பள்ளத்தாக்கே அளித்தது. பின்னிரண்டிற்கும் இருப்புப்பாதை உதவியது.

இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்து கச்சாத் தோல் தொடர்வண்டியில் வந்தது. பதனிட்ட தோல் கட்டுகளாகச் சென்னைக்குச் சென்றது. சென்னையின் தோல் சந்தையான பெரியமேடு, சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியே அமைந்திருப்பது இத்தொடர்பை விளக்கும். 20-ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான வாட்டில் பட்டை ஆவாரம் பட்டையின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தபோது, துறைமுகத்திலிருந்து உள்நாட்டிற்கு வரும் எதிர்த்திசைச் சரக்காக அது சேர்ந்துகொண்டது. முதல் உலகப் போர்க்காலத்தில் படைவீரர்களின் காலணித் தேவைக்காகப் பதனிட்ட மாட்டுத்தோலை அரசே கொள்முதல் செய்தமையால் இப்பாதையின் முதன்மை மேலும் உயர்ந்தது.

எனினும் இருப்புப்பாதை அளித்த வளர்ச்சி ஒருதலைப்பட்சமானது. 1916–18-இல் இயங்கிய இந்தியத் தொழில் ஆணையம், சரக்குக் கட்டணங்கள் உள்நாட்டுப் போக்குவரத்தைவிடத் துறைமுகப் போக்குவரத்திற்கே சாதகமாக இருந்ததைச் சுட்டிக்காட்டியது. தோல் மண்டலத்திற்கு இக்கருத்து நன்கு பொருந்தும். பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதே ஆதாயமாக இருந்த நிலையில், அதைக் காலணியாகவும் பிற பொருளாகவும் மாற்றும் தொழில் இங்கு நெடுங்காலம் வளரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட பின்னரே, முழுமையாக்கிய தோலும் காலணியும் ஆம்பூர்ப் பகுதியின் முதன்மைப் பொருள்களாயின.

இம்மாற்றம் நிகழ்ந்த காலத்தில் சரக்கின் வழியும் மாறியது. சிறு அளவில், குறித்த நாளில், தொழிற்சாலை வாயிலிலிருந்து துறைமுகத்திற்குச் செல்ல வேண்டிய சரக்கிற்குச் சரக்குந்தும் கொள்கலனுமே ஏற்றவையாக இருந்தன. சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலை அகலப்படுத்தப்பட்டதும் தோல் வணிகம் பெரும்பாலும் சாலைக்கு மாறிவிட்டது. இருப்புப்பாதை உருவாக்க உதவிய தொழில், இருப்புப்பாதையை விட்டு நீங்கியது. அது விட்டுச்சென்ற பின்விளைவு பாலாற்றில் தங்கியது. தோல் ஆலைக் கழிவுகள் தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது.

6. நோயாளிகளின் நிலையம்

சரக்குப் போக்குவரத்தின் முதன்மை குறைந்த காலத்தில் காட்பாடிக்கு வேறொரு முதன்மை வளர்ந்தது. ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி, 1902-இல் மருத்துவமனையாகவும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும், 1942-இல் மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1948-இல் பால் பிராண்ட் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். 1949-இல் நரம்பியல் துறை நிறுவப்பட்டது. 1971-இல் சிறுநீரக மாற்று அறுவையும், 1986-இல் எலும்பு மச்சை மாற்றும் இங்கு மேற்கொள்ளப்பட்டன. இவற்றால் வேலூர், தென்னிந்தியாவிற்கு மட்டுமின்றி மேற்கு வங்கம், பீகார், சார்க்கண்டு, ஒடிசா, வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகியவற்றின் நோயாளர்க்கும் சேருமிடமாயிற்று.

அவர்களுக்கு வேலூரின் வாயில் காட்பாடியே. ஆலப்புழை – தன்பாத் விரைவுவண்டி, ஹவுராவையும் குவாகாத்தியையும் பெங்களூருடன் இணைக்கும் வண்டிகள், விழுப்புரத்திலிருந்து கரக்பூர், புருலியா செல்லும் வண்டிகள் என வடகிழக்குத் திசை நோக்கிய நெடுந்தொலைவு வண்டிகள் இங்கு நிற்பதன் பொருளை இப்பின்னணியில்தான் உணர இயலும். ஒன்றரை முதல் மூன்று நாள் வரை பயணம் செய்து வரும் நோயாளர், துணைக்கு வரும் உறவினர், மூட்டை முடிச்சுகள், அடுப்பும் பாத்திரமும் என நடைமேடையில் காணும் காட்சி, தமிழகத்தின் பிற சந்திப்புகளில் அரிது. வேலூரின் விடுதிகளிலும் மருந்துக் கடைகளிலும் வங்கமொழிப் பெயர்ப்பலகைகள் தோன்றியது இந்தப் போக்குவரத்தின் நேரடி விளைவாகும்.

நோயாளர்க்கும் இருப்புப்பாதைக்கும் உள்ள உறவு எப்போதும் இணக்கமாக இருந்ததில்லை. தொற்றுநோயாளரை ஏற்றிச்செல்ல மறுக்கும் அதிகாரத்தை 1890-ஆம் ஆண்டு ரயில்வே சட்டமும், அதன் வழிவந்த 1989-ஆம் ஆண்டுச் சட்டமும் நிருவாகத்திற்கு வழங்கின. இத்தகைய சட்டம் நடைமுறையிலிருந்த காலத்திலேயே, 1955-இல், காட்பாடிக்கு அருகிலுள்ள கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மற்றும் பயிற்சி மையம் தோன்றியது என்பது எண்ணத்தக்கது. மறுபுறம், மருத்துவத்திற்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளர்க்குத் தூங்கும் வசதி வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், துணைவருவோருக்கு 75 விழுக்காடு சலுகையும் ரயில்வே வழங்குகிறது. அச்சமும் பரிவும் ஒரே நிறுவனத்தின் விதிகளில் அருகருகே இடம்பெற்றன.

இவ்வுறவின் ஆழத்தை 2020-ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாடு முழுவதும் பயணிகள் வண்டிகள் நிறுத்தப்பட்டபோது, சிகிச்சைக்காக வந்திருந்த வெளிமாநில நோயாளரும் உறவினரும் வேலூர் விடுதிகளில் வாரக்கணக்கில் முடங்கினர். சிகிச்சை முடிந்தும் திரும்ப வழியில்லை. கையிலிருந்த பணம் வாடகைக்கும் உணவிற்கும் கரைந்தது. மே முதல் வாரத்தில் காட்பாடியிலிருந்து சார்க்கண்டிற்குச் சிறப்பு வண்டி புறப்பட்டது. தமிழகத்திலிருந்து வெளிமாநிலத்தவரை ஏற்றிச் சென்ற தொடக்கச் சிறப்பு வண்டிகளுள் அது ஒன்று. அதில் பயணம் செய்தோருள் பெரும்பகுதியினர் நோயாளரும் அவர்தம் துணைவருமே. புலம்பெயர் தொழிலாளரைப் பற்றியே பெரிதும் பேசப்பட்ட அக்காலத்தில், காட்பாடியிலிருந்து சென்ற வண்டி மற்றொரு வகைப் புலம்பெயர்வைக் காட்டியது. அது பிழைப்பிற்காகவன்றி உயிர் பிழைப்பதற்காக நிகழும் பெயர்வு.

7. நாள்தோறும் பயணிப்போரும் புறநகர்ச் சேவையும்

சென்னையின் மேற்குப் புறநகர்ச் சேவை அரக்கோணத்தை மையமாகக் கொண்டு வளர்ந்தது. 1980-களின் நடுப்பகுதியில் அரக்கோணத்திற்கு அப்பால் காட்பாடி வழியாக மின்மயமாக்கம் முன்னேறியதும், 130 கி.மீ. தொலைவு நாள்தோறும் சென்று திரும்பத்தக்க தொலைவாகச் சுருங்கத் தொடங்கியது. அரசு அலுவலர், வழக்கறிஞர், கடை ஊழியர், கல்லூரி மாணவர் எனப் பலர் பருவச்சீட்டு பெற்றுக் காலையில் சென்னைக்குச் சென்று இரவில் திரும்பும் வழக்கம் வலுப்பெற்றது. 1964-இல் தொடங்கிய பிருந்தாவன் விரைவுவண்டியும், ஜோலார்பேட்டையிலிருந்து புறப்படும் ஏலகிரி விரைவுவண்டியும் இவர்களின் அன்றாட வாழ்வோடு பிணைந்தவை.

எதிர்த்திசைப் போக்குவரத்தும் வளர்ந்தது. 1984-இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வேலூர் தொழில்நுட்ப நிறுவனம் காட்பாடியிலேயே அமைந்தமையால், நாட்டின் பல பகுதிகளிலிருந்து மாணவர் இந்நிலையத்தில் இறங்கினர். நோயாளரும் மாணவரும் ஒரே நெடுந்தொலைவு வண்டிகளைப் பகிர்ந்துகொள்ளும் நிலை உருவாயிற்று.

குறுந்தொலைவுச் சேவையில் மின்தொடர் வண்டிகள் அரக்கோணம், ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் ஆகிய திசைகளில் இயங்குகின்றன. இலத்தேரி, காவனூர், மேல்பட்டி, பச்சக்குப்பம் போன்ற சிறு நிலையங்களுக்கு இவ்வண்டிகளே உயிர்நாடி. விரைவுவண்டிகளுக்கு வழிவிட்டு இவை இடைநிலையங்களில் காத்திருப்பது இருவழிப் பாதையின் தவிர்க்கவியலாத நெருக்கடியாகும். சென்னைப் புறநகர்ச் சேவையின் அடர்த்தியும் தொடர்ச்சியும் காட்பாடிக்குக் கிட்டவில்லை. நெடுந்தொலைவு நிலையத்தின் மதிப்பு மட்டுமே கிட்டியது. தூரத்துப் பயணிக்கு எளிதாகவும் பக்கத்துப் பயணிக்கு அரிதாகவும் உள்ள நிலையம் என இதனை மதிப்பிடலாம்.

8. பாதைமாற்றமும் மறுசீரமைப்பும்

மீட்டர்பாதையின் முடிவு கட்டங்களாக நிகழ்ந்தது. திருப்பதிப் பாதை முதலிலும், விழுப்புரம் வரையிலான சுமார் 160 கி.மீ. பாதை 2010-ஆம் ஆண்டை ஒட்டியும் அகலப்பாதையாக மாற்றப்பட்டன. பணி நடைபெற்ற ஆண்டுகளில் திருவண்ணாமலை, ஆரணி சாலை, போளூர் ஆகிய ஊர்கள் தொடர்வண்டிச் சேவையை இழந்திருந்தன. மாற்றம் நிறைவுற்றபின், ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக நிலவிய பாதை இடைவெளி நீங்கி, வட இந்தியாவிலிருந்து வரும் வண்டி சென்னையைத் தொடாமலேயே காட்பாடி வழியாக விழுப்புரத்தையும் தென்மாவட்டங்களையும் அடையும் வாய்ப்பு உருவாயிற்று. சென்னைக் கடற்கரை – வேலூர் கண்டோன்மென்ட் மின்தொடர் வண்டி 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது இம்மாற்றத்தின் அண்மைப் பயன். இறக்கி ஏற்றும் பணியை நம்பியிருந்த தொழிலாளரின் பிழைப்பு மட்டும் மீட்டர்பாதையுடன் மறைந்தது.

பாதையின் முதன்மையும் அதன் நலிவும் அண்மை ஆண்டுகளில் ஒருசேர வெளிப்பட்டன. சென்னையில் கடும் வறட்சி நிலவிய 2019-இல், ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் குடிநீருடன் முதல் வண்டி காட்பாடி வழியாக வில்லிவாக்கம் சென்றது. 2021 டிசம்பரில், வெள்ளத்தைத் தொடர்ந்து, திருவலம் – முகுந்தராயபுரம் இடையே பொன்னையாற்றுப் பாலத்தில் விரிசல் கண்டறியப்பட்டபோது பல வண்டிகள் நிறுத்தப்பட்டன. மாற்றுப்பாதை இல்லாத நாள்தோறும் பயணிப்போரே அப்போது மிகுதியாக இடர்ப்பட்டனர். 2022 நவம்பரில் தொடங்கிய சென்னை – மைசூர் வந்தே பாரத் வண்டி காட்பாடியில் நிற்கிறது.

2022 மே 26 அன்று சென்னை எழும்பூர், இராமேசுவரம், மதுரை, காட்பாடி, கன்னியாகுமரி ஆகிய ஐந்து நிலையங்களை ரூ.1,800 கோடிக்கும் மேற்பட்ட மதிப்பில் மறுசீரமைக்க அடிக்கல் நாட்டப்பட்டது. ஏனைய நான்கும் தலைநகர், கோயில் நகர், சுற்றுலாத் தலம் என்ற வகைகளில் அடங்குவன. காட்பாடி மட்டுமே மருத்துவமும் கல்வியும் தந்த சிறப்பால் இப்பட்டியலில் இடம்பெற்றது எனலாம். எனவே அதன் தேவைகளும் வேறானவை. சக்கர நாற்காலியிலும் தூக்குக் கட்டிலிலும் வருவோர்க்கு ஐந்து நடைமேடைகளையும் இணைக்கும் மின்தூக்கியும் சாய்தளமும், நள்ளிரவில் இறங்குவோர்க்கு மலிவான தங்குமிடம், தமிழறியாதோர்க்கு வங்கமொழியிலும் அமைந்த வழிகாட்டல் ஆகியவை இந்நிலையத்தைப் பொறுத்தவரை கூடுதல் வசதிகள் அல்ல, அடிப்படைத் தேவைகள்.

9. முடிவுரை

காட்பாடிச் சந்திப்பின் வரலாற்றில் மூன்று இடைவெளிகள் தொடர்ந்து செயல்பட்டுள்ளன. ஆற்றின் இடைவெளி, நெடும்பாதையின் சிக்கனத்திற்காக நகரத்தைப் பாதையிலிருந்து பிரித்தது. பாதை அகலத்தின் இடைவெளி, பஞ்சத் தடுப்பிற்காகத் தேர்ந்த மலிவான தீர்வின் விலையாக அமைந்தது. நிருவாக இடைவெளி, நிறுவனங்களின் பங்கீட்டில் தோன்றிக் கோட்டங்களின் எல்லையாக எஞ்சியது. இவற்றுள் பாதை அகலத்தின் இடைவெளி மட்டுமே முழுமையாக நீங்கியுள்ளது.

இவ்விடைவெளிகள் பாதை அமைத்தோர்க்குச் செலவைக் குறைத்தன. ஆனால் குறைந்த செலவு மறையவில்லை, இடம் மாறியது. சரக்கை இறக்கி ஏற்றிய தொழிலாளியும், மூட்டையுடன் நடைமேடை மாறிய பயணியும், நோயாளியைத் தாங்கிப் படியேறிய உறவினரும் அதனைச் சுமந்தனர். தோல் வணிகத்தைத் துறைமுகத்தோடு இணைக்க உதவிய பாதை, இன்று தொலைநாட்டு நோயாளியை மருத்துவரோடு இணைக்கிறது. நிலையத்தின் பயன் இவ்வாறு மாறியதை ஏற்று, அதன் அமைப்பும் கால அட்டவணையும் நிருவாகப் பிரிவும் மாற வேண்டியுள்ளன. உயரும் கட்டடத்தின் பொலிவைக் கொண்டு அன்றி, மூன்று நாள் பயணத்திற்குப் பின் காட்பாடியில் இறங்கும் ஒரு நோயாளி ஆற்றைக் கடந்து மருத்துவமனையை அடைய எத்துணை எளிதாயிற்று என்பதைக் கொண்டே மறுசீரமைப்பின் வெற்றி அளக்கப்பட வேண்டும்.